உடல்நிலையால் வேலைக்குப் போக முடியவில்லை: தமிழ்நாட்டில் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிப்போரின் கேள்விகள்

விபத்து, பக்கவாதம், பார்வை இழப்பு, மனநோய், தசைச்சிதைவு என ஏதோ ஒன்றால் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் குடும்பத்தாருக்கும் எழுதியது இது. சொல்லியிருக்கும் விதிகளும் அலுவலகங்களும் தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குப் பொருந்தும்.

வேலை செய்ய முடியவில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் உதவித்தொகை கிடைத்துவிடுமா?

கிடைக்காது. அலைச்சலில் பாதி இந்த ஒரு எண்ணத்தால்தான் வருகிறது. மாநில அரசின் மாத உதவித்தொகைக்கு அடிப்படை, அரசு மருத்துவர் கொடுக்கும் குறைபாட்டுச் சதவீதம். 'இவரால் வேலை செய்ய இயலாது' என்று தனியார் மருத்துவமனை எழுதிக் கொடுத்த கடிதம் துணை ஆவணமாக உதவும், அவ்வளவே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகளின் கதவு திறக்கும்.

இன்னொரு வழி இருக்கிறது. சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் நடந்திருந்தால், அந்தச் சந்தாவின் பேரில் உங்களுக்குத் தனி உரிமைகள் உண்டு. அங்கே பார்ப்பது சதவீதத்தை மட்டுமல்ல, உங்கள் வேலைத்திறன் எவ்வளவு போயிருக்கிறது என்பதையும். இந்த வழியில் வரும் தொகை பல நேரங்களில் மாநில உதவித்தொகையைவிடப் பெரிது. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. வேலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டியவையும் உண்டு. எனவே சதவீதச் சான்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும்போது சந்தா வழியை மறந்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

மாநில அரசு தரும் மாத உதவித்தொகை எது? ஒருவர் 1,500 என்கிறார், இன்னொருவர் 2,000 என்கிறார்.

இரண்டும் சரி. இரண்டு துறைகள் இரண்டு திட்டங்களை நடத்துகின்றன.

வருவாய்த் துறை தருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். ஊர் வழக்கில் இதையும் முதியோர் ஓய்வூதியத்தைப் போலவே 'ஓஏபி' என்றே சொல்கிறார்கள். 18 வயது நிறைந்து, குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல், பிழைக்க வேறு ஆதாரம் இல்லாதவர்களுக்கானது. 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் போய்ச் சேரும் இடம் தாலுகா அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் இதே அலுவலகம் வழியாகத்தான் வருகிறது. அதற்கு 80 சதவீதக் குறைபாடும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதும் நிபந்தனை. மத்திய அரசின் பங்கு 300 ரூபாய்தான். மீதியை மாநிலம் போட்டுத் தருகிறது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை. இது 2023 ஜனவரியில் 1,500இலிருந்து 2,000 ரூபாயானது. எல்லாருக்கும் உரியதல்ல. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமடைந்தும் பாதிப்பு நீடிப்பவர்கள் ஆகியோருக்கு 40 சதவீதம் போதும். மற்ற கடும் பாதிப்புகளுக்கு 75 சதவீதம் வேண்டும். பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்), முதுகுத்தண்டுவடக் காயம், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு ஆகியவற்றுக்கும் தனிப்பிரிவு உண்டு. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

இரண்டையும் சேர்த்து வாங்கலாமா?

கூடாது. ஒன்றுதான். பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது வருவாய்த் துறை ஓய்வூதியம் பெறவில்லை என்று விஏஓ சான்று கேட்பார்கள். இரண்டும் வந்துகொண்டிருப்பது ஆதார் எண்ணில் பிடிபட்டால் ஒன்றை நிறுத்துவதோடு விடாமல், கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்கவும் செய்வார்கள்.

பராமரிப்பு உதவித்தொகையில் காத்திருப்போர் பட்டியல் உண்டு. தகுதி இருந்தும் உடனே பணம் வராமல் போகலாம். அந்த இடைவெளியில் 1,500 ரூபாய் ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு, முறை வரும்போது அதை எழுத்து மூலம் விட்டுக்கொடுத்துவிட்டு மாறுவது நடைமுறையில் நல்ல வழி. எந்த மாதத்தோடு பழையது நிற்கிறது என்று அந்த அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் நோய் அரசுப் பட்டியலில் இருக்கிறதா?

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம், குள்ளத்தன்மை, தசைச்சிதைவு, அமிலவீச்சில் பாதிக்கப்பட்டோர், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், தண்டுவட மரப்பு நோய், பார்க்கின்சன், நாள்பட்ட நரம்பியல் பாதிப்புகள், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை, இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்த பல்வகைக் குறைபாடு.

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். இதயநோய், சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், ஆஸ்துமா, சர்க்கரை நோய் இந்தப் பட்டியலில் இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் வழக்கம்போல் வேலைக்குப் போவது மிகக் கடினம் என்பது கண்கூடு. ஆனாலும் டயாலிசிஸ் என்ற காரணத்துக்காகச் சதவீதச் சான்று கிடைப்பதில்லை. இது சட்டத்தில் உள்ள பெரிய குறை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த நோய் உடலில் விட்டுச்சென்ற பாதிப்பு பட்டியலில் இருக்கலாம். சர்க்கரை நோயால் காலை எடுத்திருந்தால் அது இயக்கக் குறைபாடு. விழித்திரை கெட்டுப் பார்வை போயிருந்தால் அது பார்வைக் குறைபாடு. தொண்டைப் புற்றுநோய் அறுவையில் குரல்வளை போயிருந்தால் அது பேச்சுக் குறைபாடு. விண்ணப்பத்தில் 'சர்க்கரை நோய்' என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். 'வலது கால் முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டது' என்று எழுதினால் மதிப்பீடு செய்வார்கள்.

யூடிஐடி அட்டை கட்டாயமா? எப்படி வாங்குவது?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் சதவீதச் சான்றும் இப்போது ஒரே இணையதளம் வழியாகத்தான் வருகின்றன. அதன் பெயர் சுவாவ்லம்பன் கார்டு. கைப்பேசியில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ உதவி கேட்கலாம்.

ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கையொப்பம் அல்லது கைநாட்டு, இருக்கிற மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். எந்த அரசு மருத்துவமனையில் மதிப்பீடு வேண்டும் என்பதையும் அதிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சிறிய மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் குறைபாட்டுக்கான சிறப்பு மருத்துவர் அங்கே இருக்கிறாரா, எந்தக் கிழமையில் மதிப்பீடு நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். காது கேளாமைக்குச் செவித்திறன் பரிசோதனைக் கருவி வேண்டும். அது இல்லாத இடத்தில் காத்திருந்து பயனில்லை.

விண்ணப்பித்ததும் வரும் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தப்படி சான்று தருவதற்கான கெடு மூன்று மாதம். முன்பு ஒரு மாதமாக இருந்தது. நீங்கள் மதிப்பீட்டுக்கே போகாமல் விட்டு, இரண்டு ஆண்டு வரை முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை என்றால் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும். புதிதாகத் தொடங்க வேண்டும்.

அட்டையின் நிறமே சதவீதத்தைச் சொல்லும். 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் மேலும் நீலம்.

இந்தக் கட்டத்தில் அதிகம் தடுக்குவது பெயர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், குடும்ப அட்டையில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் பின்னால் பணம் நிற்கும். விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்தி, மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்துவிடுங்கள். கைப்பேசி எண் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடிபி வராது.

மதிப்பீட்டு நாளில் என்ன எடுத்துப் போக வேண்டும்? மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

அசல் ஆதார், பதிவு எண், புகைப்படம் நான்கு, பழைய ஊனச் சான்றோ தேசிய அடையாள அட்டைப் புத்தகமோ இருந்தால் அது. பிறகு மருத்துவக் கோப்பு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ஃபிலிமும் அதன் அறிக்கையும், நரம்பு மின்பரிசோதனை அறிக்கை, கடைசி ஆறு மாத மருந்துச் சீட்டுகள். தேதிவாரியாக, பழையது கீழே புதியது மேலே என்று அடுக்குங்கள். அரசு மருத்துவருக்கு ஒருவரைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடங்கள். கலைந்து கிடக்கும் முப்பது தாளில் முக்கியமானதை அவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

மதிப்பீட்டு வழிகாட்டிகளின் அடிப்படை ஒன்றுதான்: அளப்பது நோயை அல்ல, நோய் விட்டுச்சென்ற விளைவை. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு வலு இருக்கிறது, நடை எப்படி, கண்ணாடி போட்ட பிறகும் எவ்வளவு தெரிகிறது. 'முதுகு ரொம்ப வலிக்கிறது சார்' என்றால் அதற்கு எண் கிடையாது. 'பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை, இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு கழன்றுவிடுகிறது, படி ஏற ஒருவர் பிடிக்க வேண்டும்' என்றால் அவர் இடது கணுக்காலைச் சோதிப்பார்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே கெடுதல் செய்கிறது. மருத்துவர் 'எப்படி இருக்கீங்க?' என்றதும் 'பரவாயில்லைங்க, நீங்க பார்த்த பிறகு தேவலை' என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறோம். நல்ல சட்டை போட்டு, மகன் தோளைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டுகிறோம். அன்று அப்படிச் செய்யாதீர்கள். வீட்டில் எப்படி நடப்பீர்களோ அப்படி நடங்கள். கைத்தடி, காலிப்பர், செவிக்கருவி எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதோடு போங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். இழுத்து இழுத்து நடிப்பதைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் உண்டு. பொய் சொல்லிச் சலுகை பெறுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்று சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது.

பக்கவாதம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போதே போகலாமா?

விண்ணப்பத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்புகளைப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே மதிப்பிடுகிறார்கள். அதுவரை இயன்முறைப் பயிற்சியில் மீள வாய்ப்பு இருப்பதே காரணம். சீக்கிரம் போனால் 'ஆறு மாதம் கழித்து வரவும்' என்பார்கள், அல்லது ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ தற்காலிகச் சான்று தருவார்கள். தற்காலிகச் சான்றில் முடிவுத் தேதி இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் உதவித்தொகை நின்றுபோகும், எனவே முடிய மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

சதவீதம் 30 என்று போட்டுவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முதலில் அந்தச் சதவீதம் எதற்குப் போட்டது என்று பாருங்கள். ஒரு கண் முழுதாகப் போய் மற்றக் கண் நன்றாக இருந்தால் விதிப்படியே 30 சதவீதம்தான். அதில் மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அதே விபத்தில் கையும் பாதிக்கப்பட்டிருந்தால்? கண்ணை மட்டும் காட்டிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். இரண்டு குறைபாடுகள் இருந்தால் அவற்றைச் சேர்க்கச் சூத்திரம் உண்டு. பெரிய சதவீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 90இலிருந்து அதைக் கழித்து, வந்ததைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரியதோடு கூட்டுங்கள். கண்ணுக்கு 30, கைக்கு 20 என்றால் 90இல் 30 போக 60. அதை 20ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 13.3. கூட்டினால் 43.3. தனித்தனியே எதுவும் 40ஐத் தொடவில்லை, சேர்த்தால் தொடுகிறது. பல்வகைக் குறைபாட்டுக்குத் தனி மருத்துவர் சான்று போதாது, மருத்துவக் குழு பார்க்க வேண்டும். அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

மதிப்பீடே தவறு என்று தோன்றினால் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. வாய்ச்சொல்லாக 'உங்களுக்கு வராதுப்பா' என்றால் பணிவாக, ஆனால் விடாமல், எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். தாள் இல்லாமல் மேல்முறையீடு நகராது. புதிய பரிசோதனை அறிக்கை எதையாவது சேர்த்துப் போனால் பலன் அதிகம். அதே கோப்பைத் திரும்ப நீட்டினால் பெரும்பாலும் அதே எண்தான் வரும்.

மனநோய்க்கு எப்படிச் சதவீதம் போடுவார்கள்? பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார் என்கிறார்கள்.

இதற்கென்று ஓர் இந்திய அளவுகோல் உண்டு, சுருக்கமாக 'ஐடியாஸ்' என்பார்கள். நான்கு விஷயங்களுக்கு மதிப்பெண்: தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 20. அதில் 7 வந்தால் 40 சதவீதத்துக்குள் நுழைவார்கள்.

நோயாளியைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே வசிப்பவர் போக வேண்டும், அவர் சொல்வதும் மதிப்பெண்ணில் சேரும். குளிக்க எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியாக எப்போது வெளியே போனார், எத்தனை வேலைகளில் எத்தனை நாள் நின்றார், மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிகிச்சை தொடங்கிய முதல் சீட்டு மிக முக்கியம், ஆண்டுக் கணக்குக்கு அதுதான் ஆதாரம். தொலைந்திருந்தால் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் பதிவேட்டிலிருந்து தேதி குறித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கம்பெனி வேலையில் இருந்தேன். நோயால் போக முடியவில்லை. ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்.

உடனே எழுதித் தராதீர்கள். கணக்கை முடிக்கிறோம் என்று நல்ல மனதோடே கேட்டாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் இஎஸ்ஐ உரிமைகளையும் அடுத்த கேள்வியில் வரும் பிஎஃப் ஓய்வூதியத்தையும் பாருங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு, மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு 25,000 வரை. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு உரிய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உதவும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர் வரை.

நீண்டகால நோய்கள் 34க்குத் தனிப் பட்டியல் உண்டு. மேலே சொன்ன 21இல் இடம் கிடைக்காத புற்றுநோயும் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் இதில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் கட்டியவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், முதலில் 124 நாள், தேவைப்பட்டால் நீட்டித்து இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். மாதம் 18,000 வாங்கியவருக்கு இது ஏறக்குறைய 14,400. மாநில உதவித்தொகை 2,000ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது விளங்கும்.

வேலையிடத்து விபத்து என்றால் தற்காலிக முடக்கத்துக்கு 90 சதவீதம், குணமாகும் வரை. நிரந்தர இழப்பு என்றால் மருத்துவக் குழு 'சம்பாதிக்கும் திறன் இழப்பு' எவ்வளவு என்று முடிவு செய்யும், அதற்கேற்ப வாழ்நாள் முழுவதும் மாதத்தொகை வரும். முடிவு குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம். இதற்கெல்லாம் அடித்தளம் நிறுவனம் அனுப்பும் விபத்து அறிக்கை, அதாவது படிவம் 12. அது போகவில்லை என்றால் பின்னாளில் 'விபத்து வேலையிடத்தில் நடக்கவில்லை' என்ற வாதம் எழும். முதல் வாரத்திலேயே நகல் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்குச் சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர முடக்கம் ஏற்பட்டு வேலை போனால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில் முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால்பங்கு.

இஎஸ்ஐயில் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: தனியார் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, இஎஸ்ஐ மருந்தகத்துப் பக்கமே போகாமல் இருப்பது. விடுப்புச் சான்று இஎஸ்ஐ மருத்துவரிடமிருந்து வர வேண்டும், இடைவெளி இல்லாமல் தொடர வேண்டும்.

பிஎஃப் ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறார்களே?

வயது முதிர்ந்து பெறும் ஓய்வூதியத்துக்குத்தான் பத்தாண்டு. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் முடக்க ஓய்வூதியம் தனியாக இருக்கிறது. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக, முழுமையாக முடங்கினால் ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே தகுதி. முடக்கம் வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்கவும் தேவையில்லை. மருத்துவக் குழு பார்ப்பது, முடங்கிய சமயத்தில் நீங்கள் செய்துவந்த வேலைக்கு நிரந்தரமாகவும் முழுமையாகவும் தகுதியற்றவர் ஆகிவிட்டீர்களா என்பதை. ஆகவே அரசு மருத்துவமனையில் 40 சதவீதம் கிடைக்காதவருக்கும் இங்கே வழி திறக்கக்கூடும். என்ன வேலை செய்தீர்கள், அதில் எவ்வளவு எடை தூக்க வேண்டும், எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

விண்ணப்பம் படிவம் 10டி. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். 'வேலையில் இருக்கும்போது' என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும். ராஜினாமாத் தேதி முன்னும், முடக்கத்தைக் காட்டும் மருத்துவ ஆவணத்தின் தேதி பின்னும் இருந்தால் விண்ணப்பம் விழுந்துவிடும். அவசரத்தில் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்துப் பணமாக எடுத்துவிட்டாலும் அப்படியே.

அரசு வேலையில் இருப்பவருக்கு?

பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி, அதுவும் இல்லையென்றால் ஓய்வு வயது வரையோ தகுந்த இடம் வரும் வரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வு எழுதித் தருவதற்கு முன் இதைப் படியுங்கள்.

கூலி வேலைதான். இஎஸ்ஐ, பிஎஃப் எதுவும் கிடையாது.

அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியங்களில், குறிப்பாகக் கட்டுமான வாரியத்தில் பதிவு இருந்தால் விபத்து முடக்க உதவியும் முடக்க ஓய்வூதியமும் உண்டு. பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் போயிருக்கிறதா என்றும் பாஸ்புக்கில் தேடுங்கள். அது பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு. விபத்தில் இரு கண், இரு கை, இரு கால், அல்லது ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ மீளாமல் போனால் 2 லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ மட்டும் என்றால் 1 லட்சம். கணக்குத் தொடங்கிய நாளில் படிவத்தோடு கையெழுத்துப் போட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். கோரிக்கையைத் தாமதிக்காமல், 30 நாளுக்குள் வங்கிக் கிளையில் கொடுங்கள்.

தாலுகா அலுவலக விசாரணையில் என்ன நடக்கும்?

விஏஓ வீட்டுக்கு வருவார், வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். அவர்கள் தேடுவது நிரந்தர வருமானமும் சொத்தும். தாத்தா பெயரில் இருக்கும் பிரிக்கப்படாத நிலத்தைக் குடும்பச் சொத்து என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் போய்விடும். பட்டா நகலில் யார் பெயர், உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டத் தயாராக இருங்கள். குடும்ப அட்டையில் உள்ள முகவரியில் நீங்கள் இல்லாமல் மகள் வீட்டில் தங்கியிருந்தால் 'விண்ணப்பதாரர் இவ்வூரில் இல்லை' என்று குறிப்பு விழும். விசாரணைக் காலத்தில் முகவரியில் இருங்கள், அல்லது முகவரியை மாற்றிய பிறகு விண்ணப்பியுங்கள்.

நிராகரித்துவிட்டார்கள், அல்லது மாதக்கணக்கில் பதிலே இல்லை.

நிராகரிப்பு என்றால் அந்த ஆணையின் நகலோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. எந்தக் காரணம் சொல்லியிருக்கிறார்களோ அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். குடும்பக் கஷ்டம் முழுவதையும் நான்கு பக்கம் எழுதினால் முக்கியமானது அமுங்கிப்போகும்.

பதிலே இல்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள்: என் விண்ணப்பம் இன்ன தேதியில் யாரிடம் இருந்தது, இப்போது யார் மேசையில் இருக்கிறது, காத்திருப்போர் பட்டியலில் என் எண் என்ன. பதிலளிக்க 30 நாள் கெடு. 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள், ஆவணத்தில் இருப்பதைத்தான் தர முடியும் என்று சொல்லிவிடுவார்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு 18 முடிந்துவிட்டது. வங்கியில் கையெழுத்துப் போட முடியாது என்கிறார்கள்.

18 நிறைந்ததும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலர் சான்று தருகிறது. நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 18 முடிந்த கையோடு மாவட்ட நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அந்தச் சான்றோடு கணக்கை இயக்கலாம்.

வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது.

அலுவலகத்துக்கு ஓடுமுன் வங்கியில் பாருங்கள். கேஒய்சி புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கலாம், வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கியபோது ஆதார் இணைப்பு அங்கே மாறி, பணம் அந்தக் கணக்கில் விழுந்துகொண்டிருக்கலாம். வங்கியில் சிக்கல் இல்லையென்றால் தற்காலிகச் சான்றின் தேதி, அடுத்தது ஆண்டுக்கொரு முறை தர வேண்டிய வாழ்நாள் சான்று. படுக்கையில் இருப்பவருக்காக விஏஓவை வீட்டுக்கு வந்து பார்த்துச் சான்று தரும்படி எழுத்தில் கேட்கலாம்.

ஆள் வைத்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே?

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இ-சேவை மையத்தின் சிறு சேவைக் கட்டணம் மட்டும். இடைத்தரகர் உங்கள் சதவீதத்தை மாற்ற முடியாது. அவர் பெரும்பாலும் செய்வது தன் கைப்பேசி எண்ணைப் பதிவில் போடுவது. பிறகு வரும் ஒவ்வொரு தகவலுக்கும் அவரிடம் கைநீட்ட வேண்டியிருக்கும்.

உதவித்தொகை பெற்றவர் இறந்துவிட்டால்?

மாநில உதவித்தொகை அந்த நபரோடு முடிகிறது. இறப்புச் சான்றைத் தாலுகா அலுவலகத்திலோ நல அலுவலகத்திலோ கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு கணக்கில் விழும் தொகையை எடுத்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பிஎஃப் முடக்க ஓய்வூதியம் அப்படி முடிவதில்லை. அது மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப ஓய்வூதியமாகத் தொடரும். அதற்கு இறப்புச் சான்று, ஓய்வூதிய ஆணை எண், துணைவரின் ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு பிஎஃப் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆணை எண் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் இப்போதே தெரிந்திருக்கட்டும்.